உமி, ஓடு, துளை

குடுவை தெளிவாக இருக்கிறது. எத்தனால், தண்ணீர், அம்மோனியா. மூன்றுக்கும் நிறமில்லை. அடியில் காந்தக் குச்சி சுழல்கிறது. மேற்பரப்பின் நடுவே சிறு குழி விழுந்து, அசையாமல் நிற்கிறது.

•

டி.இ.ஓ.எஸ். புட்டி. முழுப்பெயர் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட். நடுவில் ஒரு சிலிக்கான் அணு. நாலு பக்கமும் நாலு எத்தாக்சி கைகள். மூடி திறந்ததும் மெல்லிய சாராய வாடை. மூச்சு தானாகவே சின்னதாகிறது.

•

விட்டாயிற்று. எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை.

•

தண்ணீர் கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. கழன்றது எத்தனாலாகிக் கலந்துபோகிறது. அது இருந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்து உட்காருகிறது. இரண்டு ஹைட்ராக்சில்கள் நெருங்கும் இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு விலகுகிறது. நடுவில் ஓர் ஆக்சிஜன் மிஞ்சுகிறது. சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான். இன்னும் ஓர் ஆக்சிஜன். இன்னும் ஒரு சிலிக்கான்.

•

தண்ணீர் உள்ளே போகிறது. தண்ணீர் வெளியே வருகிறது.

•

சில நிமிடங்கள். கண்ணாடி விளிம்பில் நீலம். நீலம் என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் பால்வெள்ளை.

•

துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கும்வரை நீலமே அதிகம் சிதறுகிறது. வளர்ந்தபின் எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. அப்போது வெள்ளை. ஒன்று எப்போது மற்றொன்றானது என்று கண் சொல்வதில்லை.

•

1968ல் வெர்னர் ஸ்டோபர், ஆர்தர் ஃபிங்க், எர்ன்ஸ்ட் போன் மூவரும் எழுதிவைத்த வழி இது. அதற்கும் முன்பு, 1956ல், கெர்ஹார்ட் கோல்பே. 50 நானோமீட்டருக்குக் கீழிருந்து 2 மைக்ரான் வரை. ஒரு குடுவையில் பிறக்கும் உருண்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

அம்மோனியா கூடினால் பெரிய உருண்டை. அறை குளிர்ந்தால் பெரிய உருண்டை. வெக்கையில் சின்னது.

நெற்றியில் வியர்வை ஒரு துளி. வழியாமல் நிற்கிறது.

•

வெளியே பழனிசெட்டிபட்டி வயல். நெல் சூல் கட்டியிருக்கிறது. மேற்கே மலை பாதி தெரிகிறது. மீதி மேகம். கம்பம் சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. சத்தம் தேய்கிறது. தேய்ந்து முடிந்த இடம் காதில் அகப்படவில்லை.

•

லோயர்கேம்ப்பில் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர். இருபோகம். முல்லைப் பெரியாற்றின் அந்தப் பாசனக் கணக்கு இந்த ஊரோடு முடிகிறது. ஆறு முடியவில்லை. வைகையைப் பார்த்துப் போகிறது.

•

மேற்கே இறங்கவேண்டிய தண்ணீர். 1895 முதல், மலையைக் குடைந்த வழியில், கிழக்கே வருகிறது. வாய்க்காலில் அதற்கு அவசரமில்லை.

•

அந்தத் தண்ணீரிலும் சிலிக்கா கரைந்திருக்கிறது. சிலிசிக் அமிலமாக. பாறைமேல் மழை விழுந்து விழுந்து, பாறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. உலகின் ஆறுகளில் சராசரியாக லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில். ஒரு கை அள்ளிக் குடித்தால் ருசியில் அது இல்லை.

•

நெல்லின் வேருக்குத் தெரிகிறது. 2006ல் ஜப்பானில் ஜியன் ஃபெங் மாவும் உடன் உழைத்தவர்களும் அதன் வாசலைக் கண்டார்கள். வேரின் செல்சவ்வில் ஒரு புரதம். எல்.எஸ்.ஐ.1 என்று பெயர். மறுபக்கம் வெளியே தள்ளும் இன்னொன்று, எல்.எஸ்.ஐ.2. அடுத்த ஆண்டு.

உள்ளே விட ஒன்று. கடத்திவிட ஒன்று.

•

வேர். தண்டு. இலை. வெயிலில் நீர் ஆவியாகிறது. சிலிக்கா தங்கிவிடுகிறது.

•

நெல்லிலையின் மேல் 0.1 மைக்ரான் கியூட்டிக்கிள் படலம். அதற்குக் கீழே 2.5 மைக்ரான் சிலிக்கா அடுக்கு. குலைநோய்ப் பூஞ்சை துளைக்க வரும்போது அந்த அடுக்கு இருக்கிறது.

இலை ஓரத்தில் விரல் ஓடுகிறது. மெல்லிய எரிச்சல். கோடு விழவில்லை.

•

கரண்ட் போகிறது. காந்தக் குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மின்விசிறியின் கடைசிச் சுற்று. அறை திடீரென்று பெரிதாகிறது.

குடுவை அப்படியே வெள்ளை.

•

கலக்காவிட்டாலும் துகள்கள் உடனே கீழே போவதில்லை. 200 நானோமீட்டர் சிலிக்கா உருண்டை எத்தனாலில் ஒரு நாளைக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இறங்குகிறது. அதற்குள் எத்தனாலின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் அதைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. இறங்குவதும் அலைவதும் ஒன்றாக.

•

ஒவ்வொரு உருண்டையின் மேலும் எதிர்மின்னேற்றம். அதனால் ஒன்றை ஒன்று தொடுவதில்லை. ஒரு சிட்டிகை உப்பு போதும், எல்லாம் சேர்ந்து கட்டியாக. உப்பு ஜாடி மூலையில் இருக்கிறது. மூடியோடு.

•

கரண்ட் வருகிறது. சுழற்சி. குழி.

•

இப்போது ஓடு.

இருக்கும் உருண்டை விதை. அதன் மேல் புதிய சிலிக்கா வந்து படியவேண்டும். டி.இ.ஓ.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகவேண்டும். ஒரே மூச்சில் ஊற்றினால் விதையின் மேல் படிய நேரமில்லாமல் திரவத்தில் தனியாகவே புதிய சிறு துகள்கள் பிறந்துவிடுகின்றன. அளவு இரண்டாகிறது. ஓடு மெலிகிறது.

•

சிரிஞ்சு பம்பு. திருகு நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஊசி முனையில் துளி திரள்கிறது. கனக்கிறது. தொங்குகிறது.

விழுகிறது.

•

அடுத்த துளிக்கு முன் ஒரு காலம். அதில் மூச்சு போகிறது, வருகிறது. எண்ணுவதில்லை.

•

ஆரம் 100 நானோமீட்டர் உள்ள கரு. அதன் மேல் 10 நானோமீட்டர் ஓட்டுக்கு ஓர் அளவு சிலிக்கா. 20 நானோமீட்டருக்கு அதன் இரண்டு மடங்கு போதவில்லை. 2.2 மடங்கு வேண்டும். 100 நானோமீட்டருக்குப் பத்து மடங்கு அல்ல, இருபத்தொரு மடங்கு.

வெளியே போகப்போகப் பரப்பு விரிகிறது. பிந்திய துளிகள் அத்தனையும் சேர்ந்து ஒரு நானோமீட்டர்.

•

தங்கத்தின் மேல் சிலிக்கா தானாக ஒட்டாது. 1996ல் லிஸ்-மர்சான், கீர்சிக், முல்வேனி மூவரும் முதலில் ஓர் அமினோசிலேனைத் தங்கத்தின் மேல் பற்றவைக்கிறார்கள். பிறகு சோடியம் சிலிக்கேட், நாள்கணக்கில், மெல்லிய தோல் ஒன்று. அதன் பிறகுதான் ஸ்டோபர் வழியில் தடித்த ஓடு.

2003ல் உட்ரெக்ட்டில் இன்னொரு வழி. பி.வி.பி. என்ற பாலிமர். அதைச் சுற்றிக்கொண்ட துகள் எதுவானாலும் சிலிக்கா வந்து படிகிறது.

•

தங்கக் கூழ்மத்தின் சிவப்பு. ஓடு தடிக்கத் தடிக்க அந்தச் சிவப்பு கொஞ்சம் நகர்கிறது. மிகத் தடித்தபின் வெள்ளை மேலே மூடுகிறது. உள்ளே தங்கம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டுவது சுவர்.

•

சாரல். ஜன்னல் கம்பியில் துளிகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பக்கத்துத் துளியோடு சேர்ந்ததும் இரண்டும் கீழே.

•

தடுப்பணைக்குக் கீழே மணல். அதுவும் சிலிக்காதான். குவார்ட்ஸ். ஒழுங்காக அடுக்கிய படிகம். அடர்த்தி 2.65. குடுவையில் பிறந்தது ஒழுங்கற்றது. அடர்த்தி 2 பக்கத்தில். அந்த வித்தியாசத்தில் காற்றும் ஈரமும் புகும் மிக நுண்ணிய இடைவெளிகள்.

உள்ளங்கால் ஈர மணலில் பதிகிறது. குளிர்ச்சி கணுக்கால் வரை ஏறுகிறது.

•

மணற்கல்லைப் பொடியாக்கும் இடங்களில் அதே குவார்ட்ஸ் தூசியாகி நெஞ்சுக்குள் போகிறது. சிலிகோசிஸ். நுரையீரல் மெல்லத் தடிக்கிறது. போன தூசி வெளியேறுவதில்லை.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

•

கல்லின் மேல் பழுப்பு வழுக்கல். டயட்டம். ஒற்றைச் செல். சிலிக்கா ஓட்டுக்குள் வசிக்கிறது. ஓட்டில் வரிசை வரிசையாகத் துளைகள். உலை இல்லை. அம்மோனியா இல்லை. ஆற்றுநீரின் சூடு போதும்.

1999ல் ஜெர்மனியில் க்ரோகரும் சும்பரும் அந்த ஓட்டைக் கரைத்து, உள்ளே ஒளிந்திருந்த சிறு புரதங்களைக் கண்டார்கள். சிலாஃபின்கள். சிலிசிக் அமிலத்தில் விட்டால் சில நிமிடங்களில் சிலிக்கா உருண்டைகள்.

•

தண்ணீரில் சிலிக்கா குறைந்தால் டயட்டம் மெல்லிய ஓடு கட்டுகிறது. மேயவரும் சிற்றுயிர்கள் நடமாடும் கடல்நீரில் ஒருவகை டயட்டம் தடித்த ஓடு கட்டுகிறது. 2007ல் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

வழுக்கலின் மேல் விரல். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஏதோ ஒட்டியிருக்கலாம்.

•

நெல் பால் பிடிக்கிறது. மணியைக் கிள்ளினால் வெள்ளைத் துளி. உமி அதற்கு முன்பே முழு உருவம் எடுத்துவிட்டது. உள்ளே வருவது அந்த அளவுக்குள் வந்து நிறைகிறது.

•

நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை சிலிக்கா. நூறு கிலோ நெல், கடைசியில் நாலு கிலோ சாம்பல்.

இருபோகம்.

•

உமியின் வெளிப்புறத் தோலில்தான் சிலிக்கா அதிகம். உள்தோலில் கொஞ்சம். நடுவில் மரநார். ஓடு எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்று நெல்லுக்குக் கணக்கு இருக்கிறது.

கணக்கு என்று சொன்னது இங்கே. அங்கே அது வெறுமனே நடக்கிறது.

•

ரைஸ் மில் பின்புறம் உமிக் குவியல். காலை வைத்ததும் முழங்கால் வரை இறங்குகிறது. சத்தமில்லாத சரிவு. மஞ்சள் தூசி வெயிலில் நிற்கிறது. கழுத்தில் அரிப்பு.

•

எழுநூறு டிகிரிக்குக் கீழே எரித்தால் சிலிக்கா ஒழுங்கற்றே இருக்கிறது. துளைகள் பிழைக்கின்றன. அதற்கு மேலே போகப்போகத் துளைகள் அடைந்து கிறிஸ்டோபலைட் படிகமாக இறுகுகிறது. முதலில் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பொட்டாசியத்தை நீக்கினால் வெள்ளைச் சாம்பல். நீக்காவிட்டால் உருகிய பொட்டாசியம் கரியை உள்ளே பூட்டிவைத்துவிடுகிறது. கறுப்பு.

•

உமிக்கரி. சுட்டுவிரல் நுனியில் கறுப்பு. பல்லில் தேய்க்கும்போது நறநறப்பு. துப்பியபின் நாக்கில் கொஞ்சநேரம் நிற்கும் மண்வாசம்.

டியூப் பேஸ்ட்டிலும் சிலிக்காதான். வழவழப்பாக.

•

சாம்பலைக் காரத்தில் கொதிக்கவைத்தால் சோடியம் சிலிக்கேட். தெளிந்த, கொழகொழப்பான திரவம். அமிலம் சேர்த்தால் சிலிக்கா மீண்டும் திரள்கிறது. மலையில் கரைந்து, வேரில் நுழைந்து, உமியில் தங்கி, நெருப்பில் மிஞ்சி, மறுபடியும் கரைந்து.

•

இப்போது துளை.

•

துளையைச் செய்ய முதலில் துளை இருக்கவேண்டிய இடத்தில் ஏதாவது இருக்கவேண்டும்.

•

சி.டி.ஏ.பி. வெள்ளைப் பொடி. பதினாறு கார்பன் வால், நேர்மின்னேற்றத் தலை. சாவ்லானில் இருக்கும் செட்ரிமைடு இதே குடும்பம். தண்ணீரில் வால்கள் உள்ளே ஒடுங்கித் தலைகள் வெளியே பார்க்கின்றன. குச்சி குச்சியாகத் திரள்கின்றன. சிலிக்கேட் எதிர்மின்னேற்றம். தலைகளைச் சுற்றிப் படிகிறது.

•

மார்கழிக் காலை. கரைசல் மங்கியிருக்கிறது. அடியில் ஊசிப் படிகங்கள். சூடு 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சி.டி.ஏ.பி. கரைய மறுக்கிறது. ஜன்னல் வழியே வெயில் மேசைக்கு வருகிறது. பீக்கரைத் தொடுகிறது. ஊசிகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன.

•

கலக்கும்போது நுரை. நுரை அடங்கும்வரை வேறு வேலை இல்லை.

•

1992. மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். எம்.சி.எம்.-41. அறுகோண ஒழுங்கில் ஒரே அகலத் துளைகள். 1.5 நானோமீட்டரிலிருந்து 10 வரை. வாலின் நீளம் மாறினால் அகலம் மாறுகிறது. பன்னிரண்டு கார்பனுக்குக் குறுகல். பதினாறுக்கு அகலம். மெசிட்டிலீன் என்ற எண்ணெய் வால்களுக்கு நடுவே புகுந்தால் இன்னும் அகலம்.

•

கெட்டியான கரு. அதன் மேல் துளையுள்ள ஓடு. 1998ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஊங்கரின் குழு டி.இ.ஓ.எஸ். உடன் பதினெட்டு கார்பன் வாலுள்ள ஒரு சிலேனைச் சேர்த்தது. இரண்டும் சேர்ந்தே சுவராகின்றன. பிறகு நெருப்பு. வால் மட்டும் போகிறது.

இரண்டுக்கும் உள்ள விகிதம் துளையைச் சொல்கிறது. மொத்த அளவு தடிமனைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றிலொன்று தலையிடாமல் இருப்பது எப்போதாவது.

•

2010ல் விவேக் போல்ஷெட்டிவார் சவூதி அரேபியாவில் இருக்கும்போது கண்டது, கே.சி.சி.-1. நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் விரியும் மெல்லிய சிலிக்கா இழைகள். வெளியே வர வர இழைகளின் இடைவெளி அகல்கிறது. பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த இழைகளை நெருக்கவும் விலக்கவும் வழி தேடினார்கள். எண்ணெயின் அளவு, சோப்பின் அளவு, நேரம்.

இழை எது, இடைவெளி எது. கண் மாறி மாறிப் பார்க்கிறது.

•

துளையுள்ள பொடி, ஒரு கிராம். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. உட்புறப் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர். கால் ஏக்கர்.

கை அசையாமல் இருக்கிறது. மூச்சுக்காற்றில் கொஞ்சம் பறந்துவிடுகிறது.

•

பரப்பை அளக்க நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி. மூலக்கூறுகள் சுவரில் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. ஒரு மூலக்கூறுக்கு 0.162 சதுர நானோமீட்டர். எத்தனை ஒட்டின என்பது அழுத்தத்தில் தெரிகிறது. 1938ல் புருனாவர், எம்மெட், டெல்லர் எழுதிய கணக்கு.

இல்லாத இடத்தை அளக்க, அதை நிரப்பிப் பார்க்கிறார்கள்.

•

ஏறும் கோடு. இறங்கும் கோடு. தாளில் இரண்டும் ஒரே பாதையில் போகவில்லை. நடுவில் ஒரு சின்ன வளையம். நிறையும் வழியும் காலியாகும் வழியும் வேறு.

•

புது ஷூ பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம். மாத்திரை டப்பாவின் மூடியிலும். ஈரம் அதற்குள் போய் இருக்கிறது. வெளியே எந்த மாற்றமும் இல்லை.

•

1867ல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினை டயட்டம் மண்ணில் ஊறவைக்கிறார். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்தவற்றின் ஓடுகள். துளைகளுக்குள் போனதும் அந்தத் திரவம் அமைதியாகிறது. டைனமைட்.

•

2001ல் மாட்ரிட். மரியா வாலே-ரெகியின் குழு எம்.சி.எம்.-41 துளைகளில் ஐபுப்ரோஃபென் வைக்கிறது. மருந்து மெல்ல வெளியே வருகிறது. துளை குறுகினால் இன்னும் மெல்ல. ஓட்டின் தடிமன் இரண்டு மடங்கானால், பரவி வெளியே வரும் நேரம் நாலு மடங்கு.

பல்வலி மாத்திரை ஒன்று மேசையில். தலை அதைப் பார்த்துத் திரும்பி மீண்டும் இங்கே.

•

சிலிக்காவும் தண்ணீரில் கரையும். ஒழுங்கற்றதாக இருந்தால் லிட்டருக்கு 120 மில்லிகிராம் வரை. துளை அதிகமானால் சீக்கிரம். உடம்புக்குள் போன துகள் சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடுகிறது. ஆறு எதைக் கொண்டுவந்ததோ, அதுவே.

•

களத்தில் நெல் தூற்றுகிறார்கள். மெஷின் அறுப்புக்குப் பிறகும் ஒரு மூலையில் இன்னும் முறம். காற்று வரும்வரை கை உயர்ந்தபடி நிற்கிறது. காற்று வந்ததும் கை சாய்கிறது. மணி காலடியில். பதர் தள்ளிப் போய் விழுகிறது.

•

ஒரு பதரை எடுத்து அழுத்திப் பார்க்கிறேன். உமி முழுசாக இருக்கிறது. நுனி, மடிப்பு, ரோமம். உள்ளே மணி இல்லை. பால் பிடிக்கும்போது ஏதோ குறைந்தது. விரலுக்குள் ஒரு சின்ன முறிவு.

•

உள்ளீடற்ற உருண்டைக்கு முதலில் பாலிஸ்டைரீன் கரு. தெர்மாகோல் எதுவோ அதுவே, உருண்டையாக, நானோமீட்டரில். மேலே சிலிக்கா ஓடு. பிறகு உலை, அல்லது டொலுவீன். பாலிஸ்டைரீன் ஓட்டின் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. ஓடு அதன் அளவை வைத்துக்கொள்கிறது.

•

மிக மெல்லிய ஓடு உலரும்போது உள்பக்கம் மடிந்துவிடுகிறது. கடைசித் துளி நீர் போகும்போது சுவரை இழுத்துக்கொண்டு போகிறது. கிண்ணம். மிகத் தடித்ததில் உள்ளிருப்பது வெளியே வர வழி தேடுகிறது. இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்கள்.

•

கருவே இல்லாமலும் நடக்கிறது. 2008ல் யாடாங் யின்னின் குழு கெட்டியான உருண்டையின் மேற்பரப்பில் பி.வி.பி. பூசிக் காரத்தில் விடுகிறது. வெளித்தோல் பாதுகாக்கப்படுகிறது. உள்ளே முதலில் கரைகிறது. முதலில் துளைகள். இன்னும் விட்டால் உள்ளே வெற்றிடம். இன்னும் விட்டால் எதுவும் இல்லை.

எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் சொல்வதில்லை. குடுவையின் வெண்மை கொஞ்சம் குறைகிறது. அதுதான்.

•

கண்ணாடியில் படும் ஒளியில் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலு பங்கு திரும்பிப் போகிறது. திரும்பாமல் இருக்க, மேலே உள்ள படலத்தின் ஒளிவிலகல் எண் 1.23 இருக்கவேண்டும். கெட்டிச் சிலிக்காவுக்கு 1.46. காற்றுக்கு 1. பாதி சிலிக்கா, பாதி ஒன்றுமில்லை. உள்ளீடற்ற உருண்டைகள் சோலார் கண்ணாடியின் மேல் படலமாகின்றன.

ஜன்னல் கண்ணாடியில் முகம். வயல். இரண்டும் ஒரே இடத்தில்.

•

ஒரு துளி கூழ்மம் கண்ணாடித் தகட்டில் உலர்கிறது. விளிம்பில் பச்சை. கொஞ்சம் சாய்த்தால் நீலம். சாயம் எதுவும் இல்லை. ஒரே அளவு உருண்டைகள் வரிசையில் நின்றதால் வந்தது.

•

1953ல் சி.வி.ராமனும் ஜெயராமனும் ஓபல் கல்லின் நிறங்களைப் பார்த்து, மாறி மாறி அடுக்கிய மெல்லிய தகடுகள் என்று எழுதினார்கள். 1964ல் ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சிலிக்கா உருண்டைகள் தெரிந்தன. வரிசையாக. உருண்டைகளுக்கு நடுவே உள்ள காலி இடங்களும் வரிசையாக.

நிறம் அதே நிறம்.

•

மாதிரி படம் எடுக்க வெளியூர் போயிருக்கிறது. குட்டிக் குப்பி, பெயர் எழுதிய ஸ்டிக்கர், பஞ்சு. பதில் வரும்வரை ஓட்டின் தடிமன் ஒரு கணக்கு மட்டும்.

•

படம் வருகிறது. சாம்பல்நிற வட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெளி வளையம் கொஞ்சம் வெளிறல். அளவுகோல் மூலையில், 100 நானோமீட்டர்.

எலக்ட்ரான் கற்றை விழ விழ, துளையுள்ள சிலிக்கா சுருங்குகிறது. அளந்தது எந்த நொடியின் தடிமன் என்பது படத்தில் இல்லை.

•

ஒரு வட்டம் மற்றொன்றோடு ஒட்டியிருக்கிறது. கழுத்துப் பகுதி சேர்ந்து. கண் அங்கேயே போய் நிற்கிறது. மற்றவை சரியாக இருக்கின்றன. கண் அவற்றைப் பார்ப்பதில்லை. பிறகு பார்க்கிறது.

•

சென்ட்ரிபியூஜ். ஏறும் ஒலி. ஒரே சுருதியில் நிற்கும் ஒலி. இறங்கும் ஒலி. டியூபின் அடியில் வெள்ளைத் தட்டு, மேலே தெளிந்த எத்தனால். ஊற்றி, புது எத்தனால் விட்டு, குலுக்கி, மறுபடியும்.

கழுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது. வேண்டாததும், வேண்டியதும்.

•

மத்தியானம். வயலில் யாரும் இல்லை. கொக்கு ஒன்று காலை மாற்றுகிறது. அம்மோனியாவின் வாடை அறையில் இருக்கிறதா, மூக்கில் இருக்கிறதா.

•

எண்ணம் ஒன்று வருகிறது: தடிமனைக் கட்டுப்படுத்துவது. அந்தச் சொல் கொஞ்சநேரம் மேசையில் இருக்கிறது. கையில் இருப்பது துளிகளின் இடைவெளி, சூடு, விகிதம். மீதி சிலிக்கான் பக்கம்.

எண்ணம் போகிறது.

•

ஆற்றில் சத்தம் கூடியிருக்கிறது. மேலே எங்கோ மழை. தண்ணீர் செம்மண் நிறம். அதுவும் கூழ்மம்தான். களிமண் தகடுகள், ஒன்றை ஒன்று தொடாமல், வைகை வரை, அதற்கும் அப்பால்.

•

ஈர மாதிரி பெட்ரி தட்டில். துளைகளுக்குள் சி.டி.ஏ.பி. இன்னும் இருக்கிறது. துளை என்று சொல்லக்கூடாத நிலை.

•

சுட்டால், 550 டிகிரி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றம். உள்ளே இருப்பது முழுதும் எரிந்துபோகும். சுவரில் மிஞ்சிய ஹைட்ராக்சில்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடு கொஞ்சம் சுருங்கும். பக்கத்து உருண்டைகள் தொட்டுக்கொண்டால் ஒட்டிவிடும். பிறகு திரவத்தில் பிரிந்து நிற்கத் தயங்கும்.

•

கழுவினால், எத்தனாலில் அம்மோனியம் நைட்ரேட், 60 டிகிரி, மெல்லக் கலக்கல். அளவு மாறாது. உருண்டைகள் தனித்தனியே இருக்கும். ஆழத்தில் கொஞ்சம் சி.டி.ஏ.பி. தங்கிவிடும். எவ்வளவு என்று அகச்சிவப்புக் கோட்டில் 2900 பக்கம் ஒரு மேடு சொல்லும். மேடு சின்னதாகும். முற்றிலும் போவது அரிது.

•

உலை குளிர்ந்து கிடக்கிறது. நைட்ரேட் புட்டி திறக்கவில்லை. தட்டின் ஓரத்தில் மாதிரி உலரத் தொடங்கிவிட்டது. எடை போடவேண்டும். தராசின் எண் நாலாவது இலக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.